தப்பாக வாசிக்கும் உரிமை

ஜாஸ் கற்றுக்கொடுக்கிற இடங்களில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1936 வாக்கில், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ரீனோ கிளப்பில் இரவு வாசிப்பு நடந்துகொண்டிருக்கிறது. பதின்வயதுப் பையன் ஒருவன் சாக்சஃபோனுடன் மேடையேறுகிறான். தொடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் கணக்கு கைநழுவிப் போகிறது. ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஜோ ஜோன்ஸ், தன் சிம்பலைக் கழற்றி அவன் காலடியில் எறிகிறார். கூடம் சிரிக்கிறது. பையன் தலைகுனிந்து வெளியேறுகிறான். மறு ஆண்டு கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் போகிறான். லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய சோலோக்களைக் காதாலேயே பாடம் பண்ணுகிறான். திரும்பி வரும்போது அவன் சார்லி பார்க்கர்.

நல்ல கதை. 2014இல் வந்த ‘விப்லாஷ்’ படத்தைப் பார்த்த மாணவிகளுக்கு இது தெரிந்திருக்கும். அந்தப் படத்தின் இசை ஆசிரியர் இதை வேதம்போல ஓதுவார். காலடியில் விழுந்த சிம்பலைத் தலையை நோக்கிப் பறக்கவும் விடுவார். அவமானப்படுத்தினால்தான் மேதை பிறப்பான் என்பது அவர் கட்சி. அதே ஆசிரியர் படத்தின் முற்பகுதியில் ஒரு பெண்ணிடம், முதல் நாற்காலி உனக்கு அழகுக்காகக் கிடைத்ததா என்று பார்ப்போம் என்பதாகப் பேசி, அவள் இரண்டு ஸ்வரம் வாசிப்பதற்குள் ஆமாம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். அதற்குமேல் அவளைப் பற்றிப் படத்துக்கு அக்கறை இல்லை. கதாநாயகனின் அவமானம் இரண்டு மணி நேரக் கதையாகிறது. அவளுடைய அவமானம் சில விநாடி வேடிக்கையாக முடிந்துபோகிறது.

சிம்பல் கதையில் யாரும் சொல்லாத இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பார்க்கருக்கு சாக்சஃபோன் வாங்கித் தந்தவள், இரவு நேரத்தில் அலுவலகம் துப்புரவு செய்து சம்பாதித்த தாய் ஆடி. அவன் 1936 ஜூலையில் மணந்துகொண்டவள் ரெபெக்கா. ஓசார்க்கில் அவன் லெஸ்டர் யங்கைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்த கோடையில் ரெபெக்கா கருவுற்றிருந்தாள். 1938 ஜனவரியில் மகன் பிறந்தான். ஒருத்தியின் துடைப்பமும் இன்னொருத்தியின் வயிறும் சுமந்த நேரத்தில்தான் அந்த மேதைமை பழகப்பட்டது. பார்க்கரைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் கறுப்பின ஏழைப் பையன். வெள்ளை அமெரிக்கா அவனுக்கு எதையும் தட்டில் வைத்து நீட்டவில்லை. ஆனால் ஜாஸ் என்கிற வீட்டுக்குள் அவன் மகன். தோற்றுப் போன மகன் திரும்பி வரக் கதவு திறந்திருந்தது. மகள்களுக்கு?

நான் ஜாஸ் வாசிப்பவள் அல்ல, கேட்பவள். கற்பிப்பது தமிழ், எழுதுவது கவிதை. இதில் எனக்கென்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டி எழுதிவைக்காமல், பலர் முன்னிலையில், அந்த நொடியில் தோன்றுவதைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியை ஜாஸைப் போல வெளிப்படையாக வைத்து விளையாடும் கலை குறைவு. அங்கே அந்த உரிமைக்குப் பெயர் சோலோ. கூட்டம் பின்னணி வாசிக்க, ஒருவர் எழுந்து நின்று தன் மனோதர்மத்தைக் காட்டுவது.

முதலில் ஒரு மூடநம்பிக்கையைக் கழிக்க வேண்டும். மனோதர்மம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. அது கற்றுக்கொள்ளப்படுவது. ப்ளூஸ் என்கிற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 பார் கொண்ட ஒரு சுற்று. அதற்குள் எந்த இடத்தில் எந்த ஸ்வரக்கூட்டு வரும் என்பது பெரும்பாலும் முடிவு செய்யப்பட்டது. வாசிப்பவர் அந்தச் சுற்றை மனத்தில் ஓடவிட்டுக்கொண்டே அதன்மேல் புதிய வரியைக் கட்டுகிறார். தொடக்கநிலையில் இரண்டு மூன்று ஸ்வரங்களை வைத்துத் தாளத்தோடு பேசிப் பார்ப்பார்கள். அடுத்த நிலையில் பழைய மேதைகளின் சோலோக்களைக் காதால் கேட்டு எடுப்பார்கள். ஒரு கூட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகளைப் பழகுவார்கள். தேர்ந்த நிலையில் கற்றதையெல்லாம் மறந்தவர்போல வாசிப்பார்கள். மூன்று நிலைக்கும் பொதுவான பாடம் ஒன்றே ஒன்றுதான்: பிறர் காதில் விழும்படி தப்பு செய்வது, தப்பு செய்தபின் நிறுத்தாமல் தொடர்வது. அறைக்குள் தனியாகச் சாதகம் பண்ணலாம். விழுந்து எழுவதை மட்டும் நாலு பேர் முன்னால்தான் கற்க முடியும்.

ஆக, தப்பு செய்ய அனுமதி இல்லாதவருக்குப் பாடமே இல்லை. பெண்களுக்கு மனோதர்மம் வராது, துணிச்சல் போதாது என்கிற பேச்சை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் நிலையிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வாத்தியம் ஒதுக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் பெண்பிள்ளைக்கு. ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் ட்ரம்ஸும் ஆண்பிள்ளைக்கு என்று நெடுங்காலமாக ஒரு வழக்கம். ஜாஸ் பெரும்குழுவின் நிலையான வாத்தியங்கள் எவை? சாக்சஃபோன், ட்ரம்பெட், ட்ராம்போன், ட்ரம்ஸ், பாஸ், பியானோ. குழலைக் கையில் வைத்திருக்கும் பெண், ஜாஸ் வகுப்பின் வாசலில் நிற்கும்போதே விருந்தாளி. யாரும் அவளைத் தடுக்கவில்லை. உனக்கான பாகம் இதில் எழுதப்படவில்லையே அம்மா என்று வருத்தம் தெரிவிப்பார்கள்.

வாசலைத் தாண்டியவளுக்கு அடுத்த சோதனை, யார் சோலோ எடுக்கிறீர்கள் என்கிற கேள்வி. கேள்வியைக் கேட்கும் ஆசிரியர் தன்னை ஜனநாயகவாதி என்றே நினைத்துக்கொள்கிறார். கை தூக்கியவருக்கு வாய்ப்பு, தூக்காதவருக்கு விருப்பமில்லை. எரின் வேர்-ஃப்ளவர்ஸ் என்ற ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த விருப்பமின்மையைத் தோண்டிப் பார்த்தது. நடுநிலைப்பள்ளி முதல் கல்லூரி வரை ஜாஸ் பயிலும் மாணவ மாணவியரிடம், மனோதர்மம் கற்பது பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். பெண்களிடம் தன்னம்பிக்கை குறைவாகவும் பதற்றம் அதிகமாகவும், தன்னால் முடியும் என்ற எண்ணம் குறைவாகவும் இருந்தன. இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, பெண்கள் பயந்தவர்கள் என்று சொல்ல ஆள் உண்டு. நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஒரு வகுப்பறை தன் மாணவரில் ஒரு பாலாருக்கு மட்டும் அச்சத்தையே அதிகமாகக் கற்பிக்கிறதென்றால் தேர்வில் தோற்றது வகுப்பறை.

இந்த அச்சத்தை நான் நன்றாக அறிவேன். என் வகுப்பில் ஈற்றடி கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்லும்போது ஆண்பிள்ளைகள் தளை தட்டுகிறதா என்று யோசிக்காமலே உரக்கத் தொடங்கிவிடுவார்கள். பாதியில் மாட்டிக்கொண்டால் சிரித்து உட்கார்வார்கள். வகுப்பும் சேர்ந்து சிரிக்கும். பெண்பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்கள், அடிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். நான் பக்கத்தில் போய் நின்றால் கையால் மறைப்பார்கள். மறைத்த கைக்குக் கீழே பெரும்பாலும் சரியான வெண்பா இருக்கும். சரியாக வந்தபின்தான் வாய் திறக்கலாம் என்று எவரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எவரோ என்ன, எல்லோரும்தான்.

வாய்ப்புத் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1918ஆம் ஆண்டின் சிகாகோவைப் பாருங்கள். லில் ஹார்டின் இசைத்தாள் விற்கும் கடையில் பியானோ வாசித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். முறையாகப் படித்தவள், தாளைப் பார்த்து வாசிக்கப் பழகியவள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த குழுவொன்றில் சேர்ந்த முதல் நாள் இசைத்தாள் கேட்டாள். தாளெல்லாம் கிடையாது என்றார்கள். எந்தச் சுருதி என்று கேட்டாள். அதெல்லாம் தெரியாது, இரண்டு தட்டு கேட்டதும் வாசிக்கத் தொடங்கு என்றார்கள். தட்டினார்கள். கிடைத்த சாவிகளையெல்லாம் அழுத்தி, காதால் துழாவி, எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்தாள். பின்னாட்களில் அவள் தானே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது. 1923இல் கிங் ஆலிவர் குழுவின் புகழ்பெற்ற பதிவுகளில் பியானோ அவளுடையது. லூயி ஆம்ஸ்ட்ராங்கை மணந்தவளும், ஆலிவரின் நிழலிலிருந்து வெளியே வா என்று அவரைத் தள்ளியவளும் அவளே. வரலாறு அவளை ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி என்று அடிக்குறிப்பில் வைத்தது. அவளுக்கு அன்று கிடைத்தது சலுகையா? இரண்டு தட்டு. ஆண் எவனுக்கும் கிடைக்கிற அதே இரண்டு தட்டு.

இரண்டாம் நிலைக்கு வருவோம். சுற்று தெரியும், ஸ்வரக்கூட்டு தெரியும், நாலு சோலோ மனப்பாடம். இனி வேண்டியது ஜாம் செஷன். நிகழ்ச்சிகள் முடிந்தபின் கலைஞர்கள் கூடி, விடிய விடிய மாற்றி மாற்றி வாசிக்கும் கூட்டம். ஜாஸின் மேல்நிலைப் பள்ளி அதுதான். பாடவேளை நள்ளிரவுக்குப் பின். பள்ளிக்கூடம் மதுக்கூடம். தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் ஆண்கள். போட்டியின் மொழி மல்யுத்தத்தின் மொழி: அவனைக் கிழித்தேன், இவனைச் சாய்த்தேன்.

மேரி லூ வில்லியம்ஸ் சொல்லிய ஒரு நிகழ்வு இருக்கிறது. 1930களின் கான்சாஸ் சிட்டி. கோல்மன் ஹாக்கின்ஸ் ஊருக்கு வந்திருக்கிறார். உள்ளூர் சாக்சஃபோன்காரர்கள் லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர், ஹெர்ஷல் எவன்ஸ் மூவரும் அவரை விடாமல் போட்டிக்கு இழுக்கிறார்கள். பியானோ வாசித்தவர்கள் எல்லாம் களைத்துப்போய்விட்டார்கள். விடியற்காலை நாலு மணி இருக்கும், பென் வெப்ஸ்டர் வந்து மேரி லூவின் ஜன்னலைச் சுரண்டி எழுப்புகிறார்: பியானோவுக்கு ஆளில்லை, வா. அவள் எழுந்து போனாள். ஜாஸ் வரலாற்றின் பெரும் போட்டிகளில் ஒன்றைத் தாங்கிப் பிடித்த கைகளில் அவளுடையவையும் உண்டு. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பெண்ணுக்கு என்ன தடை இருந்தது என்று கேட்பார்கள். நான் கேட்பது இது: அவள் அளவுக்குத் தேர்ந்தவளைத்தான் ஜன்னலைச் சுரண்டி எழுப்புவார்கள். அரைகுறையாய்க் கற்ற பையன்கள் அழைப்பில்லாமலே ஏறி நின்று பழகிய அந்த மேடைக்கு, அரைகுறையாய்க் கற்ற பெண் எந்த வழியில் போவாள்? எப்படித் திரும்புவாள்? மறுநாள் அவளைப் பற்றி என்ன பேசுவார்கள்?

நம் மரபிலும் விடை உண்டு. நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவோரை ஆசுகவி என்று கொண்டாடும் மொழி இது. அந்தக் கொண்டாட்டத்தில் பெண்ணாக முன்னே தெரிகிறவள் ஔவை. ஊர் ஊராக நடக்கவும், மன்னன் முதல் மாடு மேய்க்கும் சிறுவன் வரை கண்டவருக்கெல்லாம் பாட்டால் பதில் சொல்லவும், கதையின்படி அவள் செய்ய வேண்டியிருந்தது என்ன? இளமையிலேயே முதுமையை வரமாக வாங்க வேண்டியிருந்தது. வழியில் தொல்லையின்றி நடக்க ஒரு பெண் கொடுத்த விலை அவள் இளமை முழுவதும். அதே நேரத்தில் சாவு வீட்டில் நெஞ்சிலடித்துக்கொண்டு, இறந்தவரின் பெயரும் ஊரும் உறவும் சேர்த்து அந்தக் கணத்தில் ஒப்பாரி கட்டிய பெண்களுக்கு ஆசுகவி என்ற பட்டம் கிடைக்கவில்லை. அரசவையில் ஆண் செய்தால் ஆசுகவி. முற்றத்தில் பெண் செய்தால் அழுகை. மனோதர்மம் பெண்களிடம் இல்லாமல் இல்லை. பெயர் சூட்டும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

வீட்டிலிருந்தே பழகலாமே என்றும் ஒரு யோசனை வரும். 1967இலிருந்து ஜேமி ஏபர்சோல்ட் வெளியிட்ட கூட-வாசிக்கும் இசைத்தட்டுகள் உலகெங்கும் பரவின. பின்னணிக் குழு தட்டில் ஒலிக்கும். நீங்கள் மேலே வாசிக்கலாம். எத்தனையோ பேருக்கு, குறிப்பாக வெளியே போக முடியாத பெண்களுக்கு, அது பெரிய உதவி. அந்தக் குழு உங்களை ஏற இறங்கப் பார்க்காது. ஆனால் நீங்கள் சொன்னதற்கு அது பதிலும் சொல்லாது. ஜாஸ் உரையாடல், நான்கு பார் நீ, நான்கு பார் நான். இசைத்தட்டோடு உரையாடலாம் என்பது, சுவரோடு பேசிக்கொள் என்று மருமகளுக்குச் சொல்வதைப் போன்றது.

மூன்றாம் நிலை. எல்லாம் கற்றாகிவிட்டது, இனி யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைப்பீர்கள். மெல்பா லிஸ்டன் ட்ராம்போன் கலைஞர். 1956இல் டிஸ்ஸி கில்லஸ்பி தன் குழுவுக்கு அவரை அழைத்தபோது, எதற்கு ஒரு பெண்ணை என்று குழுவில் முணுமுணுப்பு. அவர் எழுதிக் கொண்டுவந்த இசைக்கோர்வையை வாசிக்கத் தொடங்கி, அதன் கடினத்தில் தடுமாறிய பிறகுதான் முணுமுணுப்பு ஓய்ந்தது. பின்னர் ரேண்டி வெஸ்டன் போன்றோருக்கு அவர் எழுதிய கோர்வைகளால்தான் இன்று அதிகம் நினைக்கப்படுகிறார். எழுத்துக்காரி என்ற பெயர் வந்தது; வாசிப்பவர் என்ற பெயர் பின்னுக்குப் போனது. தாளில் எழுதும் பெண்ணை எப்படியாவது பொறுத்துக்கொள்வார்கள். எழுந்து நின்று, கூட்டத்தைப் பின்னணி ஆக்கி, தோன்றியதை ஊதும் பெண்ணைத்தான் தாங்க முடிவதில்லை. தேர்ந்த ஆண் ஓர் இரவு தப்பாக வாசித்தால், இன்று அவனுக்கு நாள் சரியில்லை என்பார்கள். தேர்ந்த பெண் தப்பாக வாசித்தால் பெண்களுக்கு வாசிக்க வராது என்பார்கள். ஒருத்தியின் பிசகு உலகத்துப் பெண்கள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும்.

பாடகி நாற்காலி எப்போதும் காலியாக இருந்ததே என்பார்கள். இருந்தது. அதில் அமர்ந்து எல்லா ஸ்வரமும் கற்ற எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், 1960 பிப்ரவரியில் பெர்லின் மேடையில் ‘மேக் த நைஃப்’ பாட்டின் வரிகளை மறந்துபோனார். நிறுத்தவில்லை. மறந்துபோனதையே வரியாக்கி, சொல்லில்லாத ஒலிகளை வீசி, ஆம்ஸ்ட்ராங்கின் குரலைப் போலச் செய்து காட்டி முடித்தார். அந்தப் பதிவு கிராமி விருது வாங்கியது. தப்பு எப்படி மனோதர்மத்தின் தாய் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். அந்த மறதியைக் கைதட்டி வரவேற்ற அவை, அவருக்கு முன்னால் 25 ஆண்டு உழைப்பைப் பார்த்திருந்தது. நான் கேட்பது 15 வயதுப் பெண்ணின் மறதிக்கும் அதே கைதட்டலை.

இப்போது எதிர்வாதங்கள். இசைக்குப் பாலினம் இல்லை என்பது முதலாவது. உண்மை, இசைக்கு இல்லை. இசைக் குழுவுக்கு இருக்கிறது, ஜாம் செஷனின் நேரத்துக்கு இருக்கிறது, பாடப்புத்தகத்துக்கு இருக்கிறது. தலைமுறைகளாக ஜாஸ் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் பாட்டுத் தொகுப்புகளில் பெண்கள் இயற்றியவை விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. ட்ரம்ஸ் கலைஞர் டெரி லின் காரிங்டன் 2022இல் பெண்கள் இயற்றிய 101 உருப்படிகளைத் தொகுத்து வெளியிட்டார். அதற்கு முன்பே, 2018இல், பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸுக்கும் பாலின நீதிக்குமான நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். பாலினம் இல்லாத இசைக்கு எதற்கு அப்படியொரு நிறுவனம் என்று கேட்பவர்கள், 101 உருப்படி இத்தனை காலம் எங்கே இருந்தது என்று முதலில் சொல்லட்டும்.

பெண்கள் தனிக் குழு வைத்துக்கொள்ளட்டுமே என்பது இரண்டாவது. வைத்துக்கொண்டார்கள். மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியொன்றில் 1930களில் பிறந்த இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம், பல இனப் பெண்கள் சேர்ந்து வாசித்த குழு. இனப் பிரிவினைச் சட்டம் ஆண்ட தென்மாநிலங்களில் பேருந்திலேயே உண்டு உறங்கிச் சுற்றினார்கள். போர்க்காலத்தில் அவர்களைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. போர் முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். பெண்கள் குழுக்கள் இடைக்கால ஏற்பாடாக நினைக்கப்பட்டு மறக்கப்பட்டன. தனி அறை தேவைதான். ஆனால் அது வீட்டின் சொத்துப் பத்திரம் ஆகாது.

தரம் குறைந்துவிடும் என்பது மூன்றாவது; அவமானப்படுத்தாமல் மேதை வரமாட்டான் என்பதன் மரியாதையான வடிவம். சிம்பல் பட்டு மேதையானவரை எண்ணிவிட்டீர்கள். சிம்பல் பட்டு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடியவர்களை எப்போது எண்ணப் போகிறீர்கள்?

நான் கேட்பது எளிய காரியங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள். வரிசைப்படி எல்லோரும் வாசிக்கட்டும், மறுப்பதற்கும் எல்லோருக்கும் சம உரிமை இருக்கட்டும். முதல் வகுப்பில் ஒரே ஒரு ஸ்வரம் கொடுங்கள், தாளத்தை மட்டும் மாற்றி அவரவர் பேசட்டும். ஒரு ஸ்வரத்தில் யாரும் யாரையும் சாய்க்க முடியாது. ஆசிரியர் முதலில் தப்பாக வாசித்துக் காட்டட்டும், அதிலிருந்து எப்படி மீண்டார் என்றும் காட்டட்டும். ஜாம் செஷன்களில் ஒன்றாவது மாலை ஆறு மணிக்கு நடக்கட்டும். அதை நடத்துபவர்களில் ஒரு பெண் இருக்கட்டும். லில் ஹார்டினின் பெயர் ஆம்ஸ்ட்ராங் பாடத்துக்குள் அல்லாமல் தனிப் பாடமாக வரட்டும்.

மாணவிகளுக்கு ஒரு சொல். நீங்கள் வாசிப்பது ஜாஸ் அல்லாமல் வீணையாக, பறையாக, கவிதையாக, கருத்தரங்கில் எழுந்து கேட்கும் கேள்வியாக இருக்கலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடித்ததை அடிக்காமல் உரக்கச் சொல்லுங்கள். தளை தட்டட்டும். அடுத்த சீர் எங்கே என்று தெரியாமல் நடுவில் நில்லுங்கள். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கும்வரை உட்காராதீர்கள். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.